காகிதப்பூ வேலியும் எங்கள் வீட்டு அரிவாளும்

நிலக்கரி டவுன்ஷிப்பில் நம் பிளாக்கின் பழைய பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. கடைசி வரிசை குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ரயில்வே கேட்டை எடுத்துவிட்டார்கள், அங்கே சுரங்கப்பாதை வந்துவிட்டது என்று. படத்தின் கீழே வரிசையாகக் கைகூப்பினீர்கள், கண்ணீர் விட்டீர்கள், அந்தக் காலம் போல வருமா என்றீர்கள். பிறகு உங்களில் ஒருவருக்கு யோசனை பிறந்தது. சுரங்கப்பாதை வாசலில் ஒரு கல் நட்டு, லெவல் கிராசிங் பாதுகாப்புக்காகப் பாடுபட்டவர் என்று என் அப்பாவின் பெயரைப் பொறிக்க வேண்டுமாம். மகள் என்ற முறையில் நான் இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம்.

இது இரண்டு வரியில் அடங்காது. முழுதாகவே எழுதுகிறேன். நம் எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். எந்த வீட்டு மாமி எந்தப் பண்டிகைக்கு என்ன பலகாரம் கொடுத்தாள் என்பது மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை. அசௌகரியமானதை மட்டும் பொறுக்கியெடுத்து மறக்கிற மறதி இது. எனக்கும் அது உண்டு, ஆனால் இந்தக் கதையில் மட்டும் அது வேலை செய்யவில்லை.

எங்கள் வீடு கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கம் முருங்கை, பலா, துணி துவைக்கிற கல். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயந்தரத்துக்குள் மெல்லிய சாம்பல் படியும், அம்மா உதறி உதறி மடிப்பாள். மழை விட்டதும் எங்கோ பழுப்பு நிலக்கரி புகைகிற வாசனை வரும். ஷிப்ட் சங்கு ஊதினால்தான் ஊரில் சோறு, தூக்கம், சண்டை எல்லாம். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் இரவல் போன சாமான் வழிதவறிவிடக் கூடாது என்று அப்பாக்கள் மிச்சமான பெயிண்டில் எல்லாவற்றின் மேலும் குவார்ட்டர்ஸ் நம்பரை எழுதிவைப்பார்கள். வாளி, ஏணி, கடப்பாரை, ஒன்றும் தப்பாது. எங்கள் வீட்டு அரிவாளின் பிடியில் பச்சைப் பெயிண்டில் எங்கள் நம்பர் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கேட்டைத் திறந்தால் ஐம்பது அடியில் தண்டவாளம். ஒற்றை லைன். நிலக்கரி வேகன்களும் எப்போதாவது பயணிகள் ரயிலும் போகும். குறுக்கே ஒரு மண்பாதை. அப்போது கேட் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓலைக் குடிசைகள். அடுத்தவர் நிலத்தில் காலம் காலமாகக் கூலி வேலை செய்து, அந்த நிலமும் சுரங்கத்துக்குப் போன பிறகு அங்கே வந்து ஒண்டியவர்கள். ஆண்களுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பெண்களுக்கு நம் வீடுகளில் பாத்திரமும் துணியும். அந்த மண்பாதையில் நாள் முழுக்க நடந்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பக்கம் பலாப்பழம் மலிவாகக் கிடைக்கிற மாதங்களில் மட்டும் நாம் நடந்தோம்.

அந்தப் பாதையின் இரண்டு பக்கமும், தண்டவாளத்தின் அந்தப் பக்க ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேல் காகிதப்பூ வேலி இருந்ததே, ஊதாவும் வெள்ளையுமாக, குழுவில் யாரோ அதைப் பற்றிக் கவிதை வேறு எழுதியிருந்தீர்கள். அதை நட்டவர் எங்கள் எதிர்வீட்டு மாமா, பிளாக் பாதுகாப்புக் குழுவின் தலைவர். வருடா வருடம் தோட்டப் போட்டி நடக்கும், சிறந்த பிளாக்குக்கு ஷீல்டு உண்டு. ஒரு வருடம் ஷீல்டு கைநழுவியபோது மாமா காரணம் கண்டுபிடித்தார். "ஜட்ஜ் வர்ற நேரத்துல அந்தக் குடிசையெல்லாம் கண்ணுல பட்டா யாரு சார் மார்க் போடுவாங்க?" உடனே வேலி நட்டார்கள். தினமும் டியூப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். குடிசை மறைந்தது. தண்டவாளம் வளைந்து வருகிற இடமும் மறைந்தது. அடுத்த வருடம் ஷீல்டு வந்தது, அதனால் வளைவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்கா அந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்தவர். காது கொஞ்சம் மந்தம். அதனால் தினமும் அவருடைய மகள்தான் முன்னால் வருவாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஐந்தாம் வகுப்பு. வேலி இடைவெளியில் தண்டவாளத்தை ஒட்டி நின்று, தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகு கையை ஆட்டி, "வாம்மா" என்று கத்துவாள். அம்மாவைத் தாண்டவைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். போய்ச் சேருவதற்குள் மணி அடித்திருக்கும். தினமும் முட்டி போடுவாள். ஏன் லேட் என்று வாத்தியார் ஒருநாளும் கேட்கவில்லை. தெரிந்திருந்த நானும் சொல்லவில்லை.

பாதுகாப்புக் குழு அதுவரை என்ன செய்தது என்று கேட்காதீர்கள். அது விழித்துக்கொண்ட காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்கலாம். ஒருநாள் விடியற்காலையில் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலி தாண்டி வந்தபோது வேகன் வந்துவிட்டது. சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்ததில் அவர் பிழைத்தார். சைக்கிள் பிழைக்கவில்லை. ஜல்லிக் கற்களுக்கு நடுவே பால் இறங்கியது, நாய்கள் நக்கின. அன்றைக்கு பிளாக்கில் முப்பது வீட்டில் காபி இல்லை. அன்று சாயந்தரமே அவசரக் கூட்டம்.

கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில். அப்பாதான் செயலாளர். மைன்ஸில் யாராவது ஹெல்மெட் இல்லாமல் நடந்தால் சத்தம் போடுவது அவர் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். வெங்காயப் பக்கோடா தீரத் தீர தீர்மானங்கள் வந்தன. கிராசிங் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை. ஒரு வாரம் பாதுகாப்பு வாரம். கட்டுரை, ஓவியம், வாசகப் போட்டி. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும். முதல் பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.

அப்போது அந்த அக்கா கையில் புளியும் சாம்பலுமாகச் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? பலகையெல்லாம் எதுக்குங்க. அந்தப் பூச்செடிய ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டா ரயிலு வர்றது தெரியுங்க. எம் பொண்ணுதான் தெனம் தலைய நீட்டிகினு பாக்குது."

எதிர்வீட்டு மாமா பக்கோடாவைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா சார், கமிட்டிக்குப் புது மெம்பர் வந்தாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பெருந்தன்மையாகக் கையமர்த்தினார். "ஷீல்டு ஜட்ஜுங்க வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"அது எப்பங்க?"

"இன்னும் ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசத்துல எத்தினி வாட்டி ரயிலு போவுங்க?"

மாமா மறுபடி பக்கோடாவை எடுத்தார். அம்மா உள்ளேயிருந்து, "ஏய், குழாய் தண்ணி நிக்கப் போகுது, வந்து வேலையைப் பாரு" என்றாள். அக்கா போய்விட்டார். கூட்டத்தில் அன்று பேசப்பட்டவற்றில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான். அது மட்டும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறவில்லை.

பலகை வந்தது. மஞ்சளில் கறுப்பு எழுத்து: நில், கவனி, செல். அதை வேலியை ஒட்டியே நட்டார்கள், பூக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக. வாசகப் போட்டிக்கு என் வாசகத்தை அப்பாவே குளித்துக்கொண்டிருக்கும்போது யோசித்து, ஈரத் துண்டோடு வந்து சொன்னார். "அரை நிமிடம் நின்றால் போதும், ஆயுள் நூறு நமக்குச் சேரும்." நடுவர் எதிர்வீட்டு மாமா. முடிவு வெளிவருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே டிபன் கேரியரை எங்கே மாட்டுவது என்று அம்மா ஆணி பார்த்துவைத்துவிட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை. நான் பின்கேட்டருகே நின்று வாசகத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி இடைவெளியில் அவள் தலை தெரிந்தது. தலையை நீட்டினாள். அதே நொடியில் வேகன் வந்தது. விசில் இல்லை, ஒன்றும் இல்லை, சட்டென்று ஒரு கறுப்பு. அவள் பின்னால் சாய்ந்தாள். ரயில் போய்க்கொண்டே இருந்தது, கடைசி வேகன் போகும்வரை அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. போன பிறகு பார்த்தால் வேலிக்குள் மல்லாந்து கிடந்தாள். காகிதப்பூவுக்கு முள் உண்டு என்பது கவிதை எழுதியவருக்குத் தெரியுமோ என்னவோ. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை கன்னம் கிழிந்திருந்தது. பை தண்டவாளத்தில் விழுந்து, சிலேட்டு தூளாகியிருந்தது. பின்னாலிருந்து ஓடி வந்த அக்கா மகளைத் தூக்கி நிறுத்தி, உயிரோடுதான் இருக்கிறாள் என்று நம்பாதவர் போல உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக் குழாயில்தான் முகம் கழுவினார்கள். அம்மா மஞ்சள்தூள் கொடுத்தாள். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானே போர்டு வெச்சிருக்கு? பள்ளிக்கூடம் போற பொண்ணு, படிக்கத் தெரியாதா?" என்று அவளைக் கேட்டார்.

"படிச்சேங்க" என்றாள் அவள். "நின்னேன். கவனிச்சேன். பூவுதாங்க தெரிஞ்சுது."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

பாதுகாப்பு வாரம் என்று பள்ளிக்கூடம் அரைநாள்தான். மதியம் அம்மா தூங்கினாள். அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா, அருவா எடுத்துத் தரியா? சாயந்தரத்துக்குள்ள குடுத்துடறேன். அம்மா எழுந்தா சொல்லிடு."

ஆணியில் மாட்டியிருந்த அரிவாளை எடுத்து நானே கொடுத்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் கன்னம் முழுக்க மஞ்சளோடு அவள் நின்றிருந்தாள். ஏதோ பெரிய காரியத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததுபோலச் சந்தோஷமாக இருந்தது. அம்மா எழுந்தபோது சொல்லவில்லை. வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பட்டப்பகலில்தான் வெட்டினார். ஒளிந்து மறைந்து இல்லை. பாதைக்கு இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி. மகள் கிளைகளை இழுத்து ஓரமாகக் குவித்தாள். பூ இதழ்கள் தண்டவாளம் முழுக்கப் பறந்தன. வெட்ட வெட்ட, தண்டவாளம் வளைகிற இடம் முழுசாகத் தெரிந்தது. தூரத்தில் சிக்னல் கம்பம்கூடத் தெரிந்தது. வேலிக்குள்ளிருந்து துருப்பிடித்த ஒரு பலகையும் வெளியே வந்தது. இங்கே விசில் ஊது என்று டிரைவருக்குச் சொல்வதற்காக வைத்திருந்த பலகை. நம் பிளாக்கின் அழகு அதையும் விழுங்கியிருந்தது.

நைட் ஷிப்ட் தூக்கம் கலைந்து லுங்கியோடு ஓடிவந்த எதிர்வீட்டு மாமா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். பிடியில் பச்சை நம்பரைப் பார்த்தார். அரிவாளோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், பின்னாலேயே அக்காவும் மகளும், அதற்குப் பின்னால் பாதி பிளாக்கும்.

அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். மாமா அரிவாளை நீட்டினார். "சார், உங்க வீட்டு நம்பர். செக்ரட்டரி வீட்டு அரிவாளாலயே ஷீல்டை வெட்டியாச்சு."

அப்பா முகம் செத்துப்போனது. அம்மாவைப் பார்த்தார். "நான் கொடுக்கலை" என்றாள் அம்மா. அது உண்மை.

"பாப்பாதாங்க குடுத்துச்சு" என்றார் அக்கா. "கேட்டுத்தாங்க வாங்கினேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் பேச்சு வரவில்லை என்று எழுதி நான் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய். என் மனதில் அப்போது ஓடியது டிபன் கேரியர். இரண்டு நாளில் பரிசளிப்பு விழா.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்பாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார். "பாதுகாப்பு வாரத்துல முதல் பரிசு வாங்கப்போற பொண்ணு. ஆக, நீ கேட்காம எடுத்துட்டுப் போயிருக்கே. அதுக்குப் பேர் என்னன்னு தெரியுமா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, அழவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "நா திருடலீங்க" என்று மட்டும் சொன்னார். ஒரே தடவைதான் சொன்னார். யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் அவர் வேலை செய்த எட்டு வீட்டிலும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பிளாக்கிலும் யாரும் சேர்க்கவில்லை. திருட்டுக் கை என்றால் நம் டவுன்ஷிப்பில் ஷிப்ட் சங்கைவிட வேகமாகப் பரவும். மாசி பிறந்தபோது தாயும் மகளும் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். வகுப்பில் முட்டி போட ஆள் இல்லாமல் போனது. வாத்தியார் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

விழா நன்றாக நடந்தது. ஷாமியானா, மைக், ரோஸ் மில்க். கைதட்டலுக்கு நடுவில் டிபன் கேரியர் வாங்கினேன். பிறகு செயலாளர் அறிக்கை. என் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "லெவல் கிராசிங்கில் பார்வையை மறைத்த செடிகள் நம் குழுவின் முயற்சியால் அகற்றப்பட்டன." எதிர்வீட்டு மாமாதான் முதலில் கைதட்டினார். நீங்களும் தட்டினீர்கள், உங்கள் அப்பா அம்மாக்களும் தட்டினார்கள். அந்தச் செடியை வெட்டியவரைத் துரத்திவிட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒருவர் முகத்தில்கூட ஒரு சுளிப்பு இல்லை.

ஷீல்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? வந்தது. ஜட்ஜுகள் முன்வரிசையோடு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்கள், கடைசி வரிசைக்கு வரவேயில்லை. யாருக்காக வளர்த்தார்களோ அவர்கள் அந்த வேலியைப் பார்த்ததேயில்லை. விசில் பலகை தெரிந்ததும் டிரைவர்கள் ஒழுங்காக விசில் ஊத ஆரம்பித்தார்கள். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர்களின் தூக்கம் கெடுகிறது என்று அதற்கும் எதிர்வீட்டு மாமா ஒரு மனு எழுதினார். என் அப்பா கையெழுத்துப் போட்டார்.

கேட் வந்தது எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகு. எல்லா ஊரிலும் போட்டதுபோல அங்கேயும் போட்டார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர் பச்சைக்கொடி, சிவப்புக்கொடியோடு உட்கார்ந்தார். அப்பாவின் ரிடையர்மென்ட் விழாவில் கேட் கொண்டுவந்த செம்மல் என்று யாரோ சால்வை போட்டார்கள். அவர் மறுக்கவில்லை. சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். என் அப்பாதான், நன்றாகத்தான் வளர்த்தார், ஆனால் மடிப்பைச் சரிசெய்த அந்த விரல்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. டிபன் கேரியரில்தான் காலேஜ் முடியும்வரை சோறு கொண்டுபோனேன். ஒரு தட்டு எங்கோ தொலைந்தது, பிறகு மூடி, பிறகு எல்லாம். அரிவாளை மட்டும் அதன் பிறகு வீட்டில் நான் பார்க்கவில்லை. மாமா திருப்பித் தந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கல் யோசனையைப் படித்த மறுநாள் பஸ் ஏறி அங்கே போனேன். முந்தின நாள் மழை. உங்கள் படத்தில் பளபளத்த சுரங்கப்பாதையில் தொடை அளவு தண்ணீர் நின்றது. ஜனங்கள் பழையபடி மேடேறி, குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடினாள். மேலே போட்டிருந்த பலகையில் பாதுகாப்பான பயணம் என்று எழுதியிருந்தது. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடேறித்தான் அந்தப் பக்கம் போனேன்.

விசாரித்ததில், கரும்பு வெட்டப் போனவள் எப்போதோ திரும்பி வந்துவிட்டாள் என்று வீட்டைக் காட்டினார்கள். ஓடு போட்ட வீடு. வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாடை வரைக்கும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. யார் என்று நான் சொல்வதற்குள்ளேயே, "வாங்க" என்றாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அந்த அரிவாளை நான்தான் கொடுத்தேன்" என்றேன்.

"தெரியுங்க. நா பக்கத்துலதான நின்னுகினு இருந்தன்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்லைப் பற்றிச் சொன்னேன். அப்பா பெயருக்குப் பதிலாக உன் அம்மா பெயரைப் போடச் சொல்கிறேன் என்றேன். பெயர் என்ன என்று கேட்டேன். ஆறு வருஷம் எங்கள் எச்சில் பாத்திரத்தைத் தேய்த்தவரின் பெயரை அப்போதுதான் கேட்கிறேன்.

"கல்லெல்லாம் வேணாங்க" என்றாள். "பேரு தெரிஞ்சு என்னா பண்ணப் போறீங்க? எங்கம்மா சாவற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிகினு இருந்துது. அந்தப் பாப்பா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேன்னு. அந்த பிளாக்குல இருந்தவங்க யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட அத்தச் சொல்லுங்க. போதும்."

கீரைத் தண்டுகளை ஒதுக்கிவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மறுபடி மேடேறித் திரும்பினேன்.

அதனால்தான் இவ்வளவும். கல்லில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வாசகம் போதாவிட்டால் குளியலறையில் பிறந்த அந்த வாசகமும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதித் தருவது இந்த இரண்டு வரிதான். அவர் கேட்டுத்தான் வாங்கினார், அரிவாளை என் கையால் நான் கொடுத்தேன். அவர் திருடவில்லை.